அடுப்புக்குள் இருந்த கவிதை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நேரே வருகிறேன்.

தலைப்பு, 'பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹொசே ரிசாலின் கவிதைகளில் விஞ்சி நிற்பது நாட்டுப்பற்றா, வீட்டு நினைவா?' நான் வீட்டு நினைவு அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் போகிறபோக்கில் எங்களைப் பார்த்து ஒன்று சொன்னார். "வீடு வீடுன்னு பேசுறவங்க போய் அடுப்படியைப் பாருங்க. நாட்டை நாங்க பாத்துக்கிறோம்." கைதட்டல் அள்ளியது. சரி ஐயா, உங்கள் பேச்சைத் தட்டவில்லை. அடுப்படிக்கே போகிறேன். அவையும் என்னோடு வரட்டும்.

1896 டிசம்பர் 29. மணிலாவில் சந்தியாகோ கோட்டை. மறுநாள் காலை ஸ்பானிய ஆட்சியாளர்கள் சுட்டுக் கொல்லப் போகிறார்கள் என்று ரிசாலுக்குச் சொல்லியாகிவிட்டது. வயது 35. தாய் தெயோதோரா வந்து பார்த்துவிட்டுப் போகிறார். சகோதரிகள் வருகிறார்கள். தங்கை திரினிதாத் வருகிறார். அறைக்குள் காவலர்கள் நிற்கிறார்கள். அண்ணனும் தங்கையும் ரகசியம் பேச வழியில்லை. அந்த அறையில் ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. அதைத் தங்கைக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, காவலர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் மெதுவாக ஒரு வாக்கியம் சொல்கிறார் ரிசால். "உள்ளே ஒன்று இருக்கிறது." தங்கைக்குப் புரிந்துவிட்டது.

அந்தச் சாமான் என்ன? பல இடங்களில் விளக்கு என்று எழுதியிருப்பார்கள், பேசுவார்கள். விளக்கென்றால் சொல்ல அழகாக இருக்கிறது, இருட்டு, ஒளி என்று உவமை கட்டலாம். ஆனால் அது விளக்கல்ல. எரிசாராயம் ஊற்றி எரிக்கும் சின்ன அடுப்பு. ஸ்பானிய மொழியில் 'கோசினில்யா' என்பார்கள். கோசினா என்றால் சமையலறை. கோசினில்யா என்றால் குட்டிச் சமையலறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் அவர்களே, அடுப்படியைப் பார்க்கச் சொன்னீர்களே, பார்த்துவிட்டோம். நீங்கள் நாட்டுப்பற்றுக்குச் சான்றாக மேடையில் முழங்கிய அந்தக் கடைசிக் கவிதை அடுப்புக்குள்தான் இருந்தது!

இதை அவ்வளவு லேசில் விட முடியாது, நடுவர் அவர்களே. அந்த அடுப்பை இன்னொரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். சாராய அடுப்பில் எரிபொருள் நிற்க ஒரு கிண்ணம், அதன் மேலே சுடர். தாளை வைக்க அதைவிட மோசமான இடம் உண்டா? உள்ளே சாராயம் மிச்சமிருந்தால் மை கரைந்து ஓடிவிடும். விவரம் தெரியாத ஒருவர் பால் காய்ச்சப் பற்றவைத்தால் தாள் பொசுங்கிவிடும். அந்தத் தாளில் 70 அடிகள். தலைப்பு இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு தாள். காவலர் சந்தேகப்படாத சாமானாகவும் இருக்க வேண்டும், செத்தவன் உடைமை என்று வீட்டுக்குத் திருப்பித் தரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஆயுதம் விடுவார்களா? புத்தகம் விட்டால்கூடப் பக்கம் பக்கமாய்ப் புரட்டுவார்கள். அடுப்பைப் புரட்டிப் பார்க்க எந்தச் சிப்பாய்க்குத் தோன்றும்? அது பெண்கள் சாமான், வீட்டுக்குப் போகிற சாமான். அந்த அலட்சியத்தை நம்பித்தான் அவர் கவிதையை உள்ளே வைத்தார். நாட்டுக்கு எழுதிய கவிதை என்கிறீர்களே, அதை நாட்டிடம் கொண்டு சேர்க்க அவர் யாரை நம்பினார்? தங்கையை. கடிதத்துக்கு முகவரிதான் பேசும். இந்தக் கவிதையின் முகவரி வீடு.

அடுத்து எதிரணி ஒரு கணக்குப் போட்டது. 'கவிதையில் 14 கண்ணி. 13 நாட்டுக்கு, ஒன்றே ஒன்று வீட்டாருக்கு. பதின்மூன்றுக்கு ஒன்று, தீர்ப்பு முடிந்தது' என்றார்கள். கணக்கு என்றால் எனக்கும் பிடிக்கும். போட்டுவிடலாம்.

இது ஸ்பானிய மொழிக் கவிதை. கண்ணிக்கு 5 அடி. அடிக்கு 14 அசை. நம் நேரசை, நிரையசை அல்ல. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ஏழு அசை முடிந்ததும் ஒரு நிறுத்தம், பிறகு ஏழு. ஐந்தடிகளில் முதலடிக்கும் மூன்று, நான்காம் அடிகளுக்கும் ஒரே இயைபு; இரண்டாவதும் ஐந்தாவதும் தனியாக ஓர் இயைபு. அதாவது ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லை ஐந்தாம் அடியின் கடைசிச் சொல் வந்து கட்டிப்பிடிக்கும். இதை மனத்தில் வையுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

நாட்டுக்கு என்று அவர்கள் ஒதுக்கிய 13 கண்ணிக்குள் என்ன இருக்கிறது? ஆறாவதை எடுங்கள். 'என் குழிமேல் அடர்ந்த புல்லுக்கு நடுவே ஒருநாள் எளிய பூ ஒன்று முளைத்தால், அதை உன் உதட்டருகே கொண்டுபோய் என் உயிருக்கு முத்தமிடு. குளிர்ந்த மண்ணுக்குள் என் நெற்றியில் உன் மூச்சின் சூடு படட்டும்' என்கிறார். நெற்றியில் மூச்சுச் சூடு பட எவ்வளவு கிட்ட வரவேண்டும்? ஒரு சாண். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கக் குனிகிற தாயின் தூரம் அது. கொடிக்கம்பத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் அல்ல.

ஒன்பதாவது கண்ணியில் யாருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறார்? நல்வாழ்வு காணாமல் செத்தவர்களுக்கு, அழுகிற தாய்மாருக்கு, அநாதைகளுக்கு, விதவைகளுக்கு, சிறையில் வதைபடுகிறவர்களுக்கு. அடுத்தடுத்து உடைந்த குடும்பங்கள். கடைசி அடியில்தான் 'உனக்காகவும் வேண்டிக்கொள்' என்று நாட்டிடம் வருகிறார். பதின்மூன்றாவதில், 'எல்லாவற்றையும் உன்னிடம் விட்டுச் செல்கிறேன், என் பெற்றோரை, என் அன்புகளை' என்கிறார். ஊருக்குப் போகிறவன் பக்கத்து வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்து, 'அம்மா அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க' என்று சொல்கிற குரல்தான் அது. அவர்கள் கணக்கில் இது நாட்டுக் கண்ணி!

1902இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர் ஹென்றி கூப்பர் இந்தக் கவிதையைப் படித்ததை எதிரணியினர் சொன்னார்கள். உண்மைதான், பெருமைதான். அது கவிதை செய்த வேலை. நம் தலைப்பு கவிதைக்குள் இருப்பது எது என்பது.

எட்டு வயதில் தாய்மொழியைப் பாடியவர் என்று ஒரு தகாலோக் கவிதையையும் காட்டினார்கள். தன் மொழியை நேசிக்காதவன் நாற்றமடிக்கும் மீனைவிடக் கீழ் என்று வருமே, அதுதான். அதை ரிசால் கையால் எழுதிய தாள் எதுவும் கிடைக்கவில்லை. அது அச்சில் வந்தது 1906இல், அவர் இறந்து பத்தாண்டு கழித்து. அதில் விடுதலைக்கு 'கலாயான்' என்ற சொல் வருகிறது. அதே ரிசால் 1886இல், 25 வயதில், வில்லியம் டெல் நாடகத்தைத் தகாலோகில் பெயர்த்தபோது விடுதலைக்குச் சொல் கிடைக்காமல் திண்டாடியதை அண்ணன் பசியானோவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 25 வயதில் தேடி அலைந்த சொல் எட்டு வயதில் எப்படி வாயில் வந்தது? சந்தேகத்துக்கு இடமான சான்றை வைத்து வழக்காட வேண்டாம்.

1879இல் இளைஞர்களுக்கு எழுதிய பரிசுக் கவிதையில் 'என் தாய்நாட்டின் அழகிய நம்பிக்கையே' என்று பாடுகிறாரே என்றால், ஒப்புக்கொள்கிறேன். அது முழுக்க நாட்டுப்பற்று. 18 வயது, வெள்ளிப் பேனா பரிசு. அப்போது அவர் இன்னும் கடல் தாண்டவில்லை. 1882இல் கப்பலேறினார். அதற்குப் பிறகு வந்த கவிதைகளைப் பாருங்கள். மாட்ரிடில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் அவரிடம் கவிதை கேட்கிறார்கள். 'வீணை உடைந்துவிட்டது, கிழக்கிலிருந்து பிடுங்கிய செடி நான்' என்று பதில் வருகிறது.

1886 ஏப்ரல் 22, ஜெர்மனியின் ஹைடல்பெர்க். கண் மருத்துவர் ஓட்டோ பெக்கரிடம் வேலை பழக வந்த இடம். நெக்கர் ஆற்றங்கரைப் பூக்களைப் பார்த்து, என் நாட்டுக்குப் போங்கள் என்கிறார். போய் என்ன கொடுக்க வேண்டும்? வரிசையைக் கவனியுங்கள்: என் அன்புகளுக்கு அன்பு, நாட்டுக்கு அமைதி, ஆண்களுக்கு நம்பிக்கை, பெண்களுக்கு நற்பண்பு, கடைசியில் 'தந்தையின் புனிதமான வீட்டுக்குள் இருக்கும் இனிய உயிர்களுக்கு' உடல்நலம். தொடங்கியது அன்புடையவர்களில், முடிந்தது வீட்டில். நடுவே ஒரு நாடு. பிறகு சொல்கிறார், பூக்களே, நீங்கள் போய்ச் சேர்ந்தாலும் நிறம் மிஞ்சும், மணம் மிஞ்சாது, பிறந்த மண்ணை விட்டதால். அது பூவைப் பற்றிய வரியா? வெளியூரில் நான்கு வருடம் இருந்து, ஊருக்குப் போனால் பழைய ஆளாக இருப்போமா என்று பயப்படுகிறவனின் வரி அது.

அந்த வீட்டுக்குச் சொல் 'ஒகார்'. அடுப்பும் கணப்பும் இருக்கிற வீடு என்று பொருள். வெறும் கட்டடத்துக்கு வேறு சொல் இருக்கிறது. ஒகார் என்ற சொல்லின் வேரே நெருப்பு. மறுபடியும் அடுப்படி, ஐயா!

இப்போது கடைசிக் கவிதையின் முதல் கண்ணிக்கும் கடைசிக் கண்ணிக்கும் வாருங்கள். முதல் கண்ணியில் நாட்டை 'நாம் இழந்த ஏதேன்' என்கிறார். 'பெர்திதோ எதேன்.' கடைசிக் கண்ணியில், 'இழந்த வீட்டில் என்னோடு இருந்த சிறுவயது நண்பர்களே' என்கிறார். 'பெர்திதோ ஒகார்.' அதே 'பெர்திதோ', 'இழந்த' என்ற அதே சொல். இதை மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் 'தொலைந்த', இன்னோரிடத்தில் 'பழைய' என்று மாற்றினால் கவிதையின் முதுகெலும்பு முறிந்துவிடும். இழந்த வீடு உவமையுமல்ல. 1890, 91இல் அவர் சொந்த ஊரான கலாம்பாவில் தொமினிக்கன் துறவிச் சபையாரின் பண்ணை நிலத்தில் குத்தகைக்கு இருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். ரிசால் குடும்பமும் அதில் ஒன்று. பசியானோவை மிண்டோரோ தீவுக்கு அனுப்பினார்கள். பதினொரு பிள்ளைகள் வளர்ந்த வீடு போயிற்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டிபானை தெருவில் கிடக்கிறது.

இயைபை நினைவில் வைக்கச் சொன்னேனே. கடைசிக் கண்ணியில் இரண்டாம் அடி 'ஒகார்' என்று முடிகிறது. ஐந்தாம் அடி, கவிதையின் கடைசி அடி, 'சாவது இளைப்பாறல்' என்று 'தெஸ்கான்சார்' என்ற சொல்லில் முடிகிறது. வீட்டைக் கட்டிப்பிடித்து நிற்பது இளைப்பாறல். நம் மொழிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அறம், பொருள், இன்பம், அடுத்து என்ன? வீடு! குடியிருக்கிற இடமும் வீடு, விடுதலையும் வீடு. ஸ்பானிய மொழியில் இயைபு போட்டுச் சேர்க்க வேண்டியதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

1895இல், தாபிட்டான் என்ற ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தபோது தாய் கவிதை எழுதச் சொன்னார் என்று எழுதினார். எழுதியது என்ன? கடற்கரை, மலையடிவாரம், நீபா ஓலைக் கூரை, மூங்கில் தரை, செதுக்காத மரத் தூண். ஒரு குடிசை. அம்மா கேட்டால் பிள்ளை வீட்டைத்தானே வரைவான்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீர்கள். ஒன்றே ஒன்று. நாட்டா வீடா என்பதைக்கூட விட்டுவிடுகிறேன்.

பதினொன்றாம் கண்ணியில், 'எல்லாரும் மறந்து, என் குழிக்குச் சிலுவையோ கல்லோ அடையாளமில்லாமல் போனபின், உழவன் அதை உழட்டும், மண்வெட்டியால் கிளறட்டும்' என்று எழுதிவிட்டுப் போனார். அப்படித்தான் நடந்தது. டிசம்பர் 30 காலை மணிலாவின் பாகும்பாயன் திடலில் சுட்டார்கள். உடலை வீட்டாரிடம் தரவில்லை. சவப்பெட்டி இல்லாமல், பெயர் இல்லாமல், ரகசியமாகப் புதைத்தார்கள்.

அக்கா நர்சீசா கல்லறைத் தோட்டம் கல்லறைத் தோட்டமாகத் தேடிப் போனார். பாக்கோ என்ற கல்லறைத் தோட்டத்தில் காவலர்கள் நின்றதைப் பார்த்தார். புதிதாய்க் கிளறிய மண்ணைப் பார்த்தார். தம்பி அங்கேதான் என்று தெரிந்தது. வாய்விட்டு அழவும் முடியாது. காவல்காரர் கையில் எதையோ கொடுத்து, ஒரு சின்னப் பளிங்குக் கல் வைக்கச் செய்தார். பெயர் எழுத முடியாது. ஹொசே புரோட்டாசியோ ரிசால் என்பதன் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு, 'ஆர். பி. ஜே.' என்று பொறிக்கச் செய்தார். ஒன்றரை வருடத்துக்கு மேல், 1898 ஆகஸ்டில் தோண்டி எடுக்கும்வரை, அந்த இடத்தைக் காட்ட அந்த மூன்று எழுத்துதான் இருந்தது.

கல் இல்லாத குழி என்று தம்பி எழுதிவிட்டுப் போனான். அக்கா விடவில்லை.