அமரில்லிஸ் பூக்கவே மாட்டேங்குதா? நான் பல்பு வாங்கி பல்பு வாங்கின கதை

வணக்கம் மக்களே, மதுரைல நம்ம மொட்டை மாடில இருந்து பேசுறேன், மணி ஏழரை தான் ஆகுது, மார்ச் மாசம் இப்ப தான் பொறந்திருக்கு, அதுக்குள்ள தரை சுட ஆரம்பிச்சிருச்சு, அதனால கடகடன்னு சொல்லிடுறேன். இன்னைக்கு அமரில்லிஸ் கிழங்கு தொட்டி மாத்துறோம்.

மூணு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல நாலு கிழங்கு ஆர்டர் போட்டேன், போட்டோல அடுக்கு இதழா செவப்பும் வெள்ளையுமா அவ்ளோ அழகு. பார்சலப் பிரிச்சா எலுமிச்சம்பழ சைஸ்ல நாலு உருண்டை. பல்பு வாங்கப்போய் பல்பு வாங்கிட்டேன்னு வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. கிழங்கு எவ்ளோ பெருசோ அந்தளவுக்கு பூத்தண்டு, நல்ல முத்தின கிழங்கு ரெண்டு தண்டு கூட விடும், சின்னதுக்கு இலை விட்டு தேறவே ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். இதெல்லாம் அப்ப தெரியாது.

தெரியாம என்ன பண்ணேன்னா, பெரிய பன்னெண்டு இன்ச் தொட்டில முழுசா மண்ணுக்குள்ள பொதச்சு டெய்லி காலைல சாயங்காலம் தண்ணி ஊத்தினேன். ரெண்டு அழுகிப்போச்சு. மிச்ச ரெண்டு சும்மா தளதளன்னு இலை, பூவே கிடையாது, ரெண்டு வருஷம்!

இப்ப இத பாருங்க, போன வருஷம் பூத்த கிழங்கு இது, நல்லா பெல்லாரி வெங்காயம் மாதிரி இருக்குல்ல? கட்டைவிரல்ல அழுத்துறேன், கல்லு மாதிரி இருக்கு, இப்படித்தான் இருக்கணும், கழுத்துகிட்ட அமுங்குச்சுன்னா உள்ள அழுகல் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் சமையக்கட்டு பக்கம் மட்டும் வெச்சிறாதீங்க, இதுல லைகோரின்னு ஒரு விஷம் இருக்கு, தின்னா வாந்தி வரும், நாய் பூனை வளக்குறவங்களும் உஷாரா இருங்க. எங்கம்மா ஒரு தடவ இத வெங்காயக் கூடைலயே போட்டுட்டாங்க, நல்லவேளை நான் பாத்தேன்.

தொட்டி கிழங்க சுத்தி ஒரு இன்ச் இடம் விட்டா போதும், பெருசு வேண்டாம், பெரிய தொட்டில ஈரம் காயவே காயாது. செம்மண், மணல், மண்புழு உரம் மூணையும் சமமா கலந்து, கையளவு வேப்பம் புண்ணாக்கு. கிழங்குல மூணுல ஒரு பங்கு மண்ணுக்கு மேல தெரியணும், இதோ இப்படி, தோள்பட்டை தெரியுற மாதிரி. வேர் சதப்பிடிப்பா வெள்ளையா இருக்கு பாருங்க, இத ஒடிக்காம விரிச்சு விடுங்க.

பூக்க வைக்க முக்கியமான விஷயம் என்னன்னா தண்ணிப் பட்டினி. வெளிநாட்டு வீடியோல எல்லாம் பத்து டிகிரி குளிர்ல வைங்கன்னு சொல்வாங்க, மதுரைல பத்து டிகிரிக்கு நான் ஃப்ரிட்ஜுக்குள்ள தான் போகணும். குளிர் இல்லாட்டியும் பரவால்ல, தண்ணி ஊத்தாம காயப்போட்டா போதும். ஐப்பசி கார்த்திகை மழைல நனையாம சன்ஷேடுக்கு கீழ தள்ளி வெச்சேன், அப்புறம் ஜனவரி பிப்ரவரி ரெண்டு மாசம் சொட்டுத் தண்ணி கிடையாது, இலை தானா மஞ்சளாகி சாஞ்சிருச்சு. ஆனா பச்சை இலைய ஸ்டைலா இருக்கட்டும்னு வெட்டிறாதீங்க ப்ளீஸ், நாலு இலைக்கு ஒரு பூத்தண்டுங்கிற கணக்குல தான் கிழங்குக்குள்ள மொட்டு உருவாகுது, இந்த வருஷம் நீங்க பாக்குற பூ போன வருஷ இலை சம்பாதிச்சது. பூ முடிஞ்சதும் தண்ட மட்டும் வெட்டுங்க.

ஆங், புழு. கருப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, செவப்புப் புள்ளின்னு ஒரு புழு வரும், பாக்க ஷோக்கா இருக்கும், ஒரே ராத்திரில இலைய சவ்வா ஆக்கிரும், நம்ம செங்காந்தளையும் இதே புழு தான் தின்னும். மருந்தெல்லாம் வேண்டாம், குட்டியா இருக்கும்போது இலைக்கு அடில கூட்டமா இருக்கும், சோப்புத் தண்ணி டப்பாவுக்குள்ள தட்டி விட்ருங்க.

பேரு விஷயம் ஒண்ணு, நாம அமரில்லிஸ்னு வாங்குறது நிஜத்துல ஹிப்பியாஸ்ட்ரம், ஊரு தென் அமெரிக்கா. அசல் அமரில்லிஸ் தென் ஆப்பிரிக்காக்காரங்க, அது வேற செடி. கடைல ஹிப்பியாஸ்ட்ரம்னு கேட்டா முழிப்பாங்க, அதனால அமரில்லிஸ்னே கேளுங்க.

சரி, நட்டாச்சு. இப்ப ஒரே ஒரு டம்ளர் தண்ணி, கிழங்கு தலைல ஊத்தாம ஓரமா. இனிமே மூக்கு, அதான் துளிர் நுனி, வெளிய வர்ற வரைக்கும் மண்ணு காஞ்சா மட்டும் கொஞ்சமா தான். அம்மாவுக்கு வாடுன தொட்டிய பாத்தா மனசு கேக்காது, சொம்பும் கையுமா வந்துருவாங்க, அதான் செவத்துல சாக்பீஸ்ல எழுதிருக்கேன் பாருங்க, "அம்மா, இதுக்கு ஊத்தாதே".