லூக், லாரா: கல்யாணத்துக்கு அடியில் கிடந்த காயம்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர் ஜோடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அமெரிக்காவின் 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்' தொடரில் வரும் லூக், லாரா பெயர் அடிபடாமல் இருக்காது. 1963இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. 1981 நவம்பர் 16, 17 தேதிகளில் இவர்கள் கல்யாணம் ஒளிபரப்பானபோது சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். ஹாலிவுட் நட்சத்திரம் எலிசபெத் டெய்லரே கௌரவ வேடத்தில் வந்து, மணமக்களுக்குச் சாபம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கல்யாணத்தை வைத்து இவர்கள் மனசை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். கதையின் கணக்கு 1979 அக்டோபரில் தொடங்குகிறது. லாரா அப்போது ஸ்காட்டியின் மனைவி. லூக் நடத்தும் டிஸ்கோவில் வேலை பார்க்கிறாள். தாதாக் கும்பல் கொடுத்த வேலையில் தன் உயிர் போய்விடும் என்று நம்பிய லூக், ஆளில்லாத இரவில் அவளைப் பாலியல் வன்கொடுமை செய்கிறான்.

கதாநாயகன் ஆகவே முடியாத ஆள். ஆனால் லூக்காக நடித்த ஆண்டனி கியரி, லாராவாக நடித்த ஜீனி ஃபிரான்சிஸ் இருவரும் சேர்ந்து வரும் காட்சிகள் ரசிகர்களுக்குப் பிடித்துப்போயின. தயாரிப்பாளர் குளோரியா மான்டியின் குழு அவர்களைக் காதலர்களாக்கியது. அதற்கு நடந்ததன் பெயரை மாற்ற வேண்டியிருந்தது: வன்கொடுமை, 'மயக்கி இணங்கவைத்தது' ஆனது. 1980இல் தாதாக்களுக்குப் பயந்து இருவரும் ஓடி ஒளிகிறார்கள். அடுத்த வருஷம் ஊரையே உறையவைக்கும் இயந்திரம் ஒன்றைத் தடுக்கப் போகிறார்கள். சரியான கூத்துதான், ஆனால் காரியமான கூத்து. ஓடிக்கொண்டிருக்கிற ஜோடிக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடையாது. பேசாததால் பழசும் வராது.

வாரம் ஐந்து நாள் ஓடும் தொடரில் இந்தத் தந்திரம் கொஞ்ச காலத்துக்குத்தான் பலிக்கும். எழுத்தாளர்கள் மாறுவார்கள், ரசிகர்கள் மாறமாட்டார்கள். எந்தக் காட்சியில் யார் முகத்தைத் திருப்பினார்கள் என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கும். கதை மறந்ததை ரசிகர் மறக்காதபோது, ஜோடியின் கொஞ்சல் ஒவ்வொன்றும் நடிப்பாகப் படும்.

புதைத்ததைத் தோண்ட 1998 வரை ஆயிற்று. அதற்குள் இவர்களுக்கு லக்கி என்ற மகன். வன்கொடுமைக்கு ஆளான எலிசபெத் என்ற பெண் மீண்டுவர அவன்தான் துணை நிற்கிறான். அந்த நேரத்தில் அப்பா அம்மாவுக்குச் செய்தது அவனுக்குத் தெரியவருகிறது. இது நல்ல எழுத்து. லூக்கும் லாராவும் தங்களுக்குள் சொல்லி வைத்திருந்த சமாதானம் எதுவும் மகனிடம் செல்லாது. எலிசபெத் பட்ட பாட்டை அவன் பக்கத்தில் இருந்து பார்த்தவன். லாராவுக்கும் அப்போதுதான் தன் கோபத்தை வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைக்கிறது.

இப்படிப்பட்ட காட்சிகளில் கவனிக்க வேண்டியவை சில. நடந்ததன் பெயரை முதலில் சொல்வது யார்? வசனம் முடிந்தபின் கேமரா யார் முகத்தில் நிற்கிறது? காயம்பட்டவர் முகத்தில் நின்றால் கதை அவர் பக்கம். காயப்படுத்தியவரின் கண்ணீரில் நின்றால், மன்னிப்பு பின்னாலேயே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதே எபிசோடில் மன்னிப்பும் கிடைத்துவிட்டால் எழுதியவருக்குப் பொறுமை இல்லை.

அதன்பின் 2002இல் லாராவுக்கு மனம் உறைந்து, பேச்சும் அசைவும் இல்லாமல் போகிறது. 2006இல் சில வாரங்களுக்கு மட்டும் தெளிந்து வருகிறாள். முதல் கல்யாணத்தின் 25ஆம் ஆண்டை ஒட்டி இன்னொரு கல்யாணம் நடத்தி, திரும்ப உறையவைத்தார்கள். ரசிகர்கள் அழுதார்கள்தான். என்றாலும் வாய் திறந்து பேசத் தொடங்கிய ஒருத்தியை நோயால் பேசாமலாக்கியது சோம்பல் எழுத்து என்பேன்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1979 இலையுதிர் காலக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, நேரே 1998க்குப் போங்கள். உறையவைக்கும் இயந்திரத்தை அப்புறம் சிரிப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.