விலை ஏறுவதற்கு விற்பவரின் ஆசைதான் காரணமா?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விலைவாசி ஏறும்போதெல்லாம் "வியாபாரிகளின் பேராசை" என்ற ஒரே தீர்ப்போடு விசாரணையை முடித்துவிடுகிறோம். குடும்பச் செலவுக்குத் திண்டாடுபவரின் கோபம் எனக்குப் புரியாததன்று. ஆனால் விலை ஏறியதற்குப் பேராசைதான் காரணம் என்றால், அது இறங்கியதற்கு எதைக் காரணம் சொல்வோம்? 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஐந்து மாதங்களில் எண்ணெய் விற்பவர்களின் இலாப ஆசை குறையவில்லை. நிதி நெருக்கடியால் உலகெங்கும் தொழில்கள் சுருங்கின, வாங்குவோர் குறைந்தனர். 2020 ஏப்ரல் 20 அன்றோ, கொள்ளைநோயால் தேவை வீழ்ந்து கிடங்குகளும் நிரம்பிவந்த வேளையில், அமெரிக்கக் கச்சா எண்ணெய்க்கு, பின்னர் ஒப்படைப்பதற்காக முன்கூட்டியே பேசப்படும் முன்பேர விலை பூஜ்ஜியத்துக்கும் 37 டாலர் கீழே முடிந்தது. அதாவது, எண்ணெயை ஏற்றுக்கொள்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. எந்நாளும் மாறாமல் இருக்கும் ஆசையைக் கொண்டு, நாள்தோறும் மாறும் விலையை விளக்கிவிட முடியாது.

அடக்க விலையோடு இலாபத்தைக் கூட்டினால் விற்ற விலை என்று பள்ளிக் கணக்கில் படித்தோம். அந்தக் கூட்டல் சரி, வாழ்வில் அது நடக்கும் வரிசைதான் வேறு. வாங்குபவர் எவ்வளவு தரச் சம்மதிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவுக்குத் தருகிறார் என்பவையே முதலில் விலைக்கு வரம்பு கட்டுகின்றன. அதிலிருந்து செலவெல்லாம் கழிந்து மிஞ்சினால் இலாபம், மிஞ்சாவிட்டால் நட்டம். அறுபதுக்கு வாங்கி நூறுக்கு விற்றால் நாற்பதும் விற்பவரின் பைக்குப் போகிறது என்று எண்ணுவோர் வாடகை, கூலி, வட்டி, கழிவு, வரி ஆகியவற்றை மறந்துவிடுகின்றனர். மிகப் பெரிய மளிகைத் தொடர் அங்காடிகளுக்கே நிகர இலாபம் பெரும்பாலும் நூறில் இரண்டு, மூன்றுதான்.

விலையை ஆணையிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1973ஆம் ஆண்டின் அமெரிக்கா சான்று. அங்கே கடை விலைகள் உறைய வைக்கப்பட்டன. தீவனத் தானியத்தின் விலையோ கட்டுப்பாட்டுக்கு வெளியே ஏறிக்கொண்டிருந்தது. கோழியை வளர்த்தால் நட்டம் என்றான பின் பண்ணையாளர்கள் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அழித்தார்கள். இறைச்சி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று போட்ட ஆணை இறைச்சியே கிடைக்காத நிலைக்கு வழிகோலியது. ஏழை வாங்க முடியவில்லையே என்ற கவலை மெய்யானது. அவர் கையில் பணம் சேர்க்க அரசு செய்யும் உதவி அந்தக் கவலையைத் தீர்க்கும், வரத்தும் குறையாது என்பதே என் கருத்து.

இவ்வளவும் சொன்னதால் எல்லா இலாபமும் நேர்மையானது என்று ஆகிவிடாது. வைட்டமின் விற்ற பெருநிறுவனங்கள் தொண்ணூறுகளில் இரகசியமாகக் கூடி, விலையையும் சந்தைப் பங்கையும் தமக்குள் பேசி முடித்தன. வாங்கியவர்களுக்குப் போக வேறு இடம் இல்லாததால்தான் அந்த விலை நிலைத்தது. அதை உடைத்தது விலை உச்சவரம்பு அன்று, கூட்டுச்சதியைக் குற்றமாக்கிய சட்டம். அவர்களுள் ஒன்றான பிரெஞ்சு நிறுவனம் ரோன்-பூலாங்க், தண்டனையிலிருந்து விலக்குப் பெற்று விசாரணைக்கு ஒத்துழைத்தது. 1999இல் அவர்களுள் மற்றொன்றான ரோச் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் அபராதம் செலுத்தச் சம்மதித்தது.