லம்போர்கினிக்குப் பதில் டிராக்டர்: இத்தாலிய ராப் வீடியோவைக் கலாய்த்த கதை

[திரையில்: ஒலி இல்லாத ராப் வீடியோத் துண்டுகள்]

இத்தாலிய ராப் வீடியோ ஏதாவது ஒன்றைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மிலான் புறநகரில் சாம்பல் நிற அடுக்குமாடி. நடுவில் பாடகர். பின்னால் டிராக்சூட் போட்ட பத்திருபது பையன்கள்; கையை ஆட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேலை கிடையாது. அப்புறம் ஒரு லம்போர்கினி வரும். யாருடைய வண்டி என்று கேட்கக் கூடாது! அடுத்து கிளப், ஷாம்பெயின், நோட்டுக்கட்டைக் காதில் வைத்து போன் பேசும் போஸ். நேபிள்ஸ் பாடகர் என்றால் பின்னணியில் அந்த ஊரின் ஸ்காம்பியா புறநகரில் பாய்மர வடிவத்தில் கட்டிய குடியிருப்புகள். மற்றதெல்லாம் அதே.

[திரையில்: நெடுஞ்சாலையில் ஒரு டிராக்டர், வரைபடமாக]

2016 பிப்ரவரியில் ஃபாபியோ ரொவாட்ஸி என்ற 22 வயது மிலான் பையன் யூடியூபில் ஒரு பாட்டு போட்டார். 'ஆந்தியாமோ ஆ கொமாந்தாரே'. 'வாங்க, போய் அதிகாரம் பண்ணலாம்' என்கிற மாதிரி அர்த்தம். ஆனால் அதிகாரம் பண்ணக் கிளம்புகிறவர் நகரத்தின் சுற்றுச்சாலையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு போகிறார். கிளப்புக்குள் வீட்டுச் செருப்போடு நுழைகிறார். கஞ்சா இல்லை, குடியும் இல்லை என்று பெருமையடிக்கிறார்.

இசை என்னவோ ராப் இல்லை, கிளப்பில் ஆடுகிற எலெக்ட்ரானிக் ரகம். கிண்டல் வேலை செய்வது வேறு இடத்தில். ரொவாட்ஸி அப்போது பாடகர் அல்ல, வீடியோ எடுக்கிறவர். அதனால் மிடுக்கு, மெதுவான நடை, முறைப்பு எதிலும் கை வைக்கவில்லை. பொருளை மட்டும் மாற்றினார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் டிராக்டரில் ஒருவர் கெத்து காட்டும்போது, லம்போர்கினியில் காட்டிய கெத்தும் சேர்ந்து கோமாளித்தனமாகத் தெரிகிறது.

சரி, அந்தப் பாட்டை வெளியிட்டது யார்? நியூடோபியா. ஃபெதெஸ், ஜே-ஆக்ஸ் என்ற இரண்டு ராப்பர்கள் சேர்ந்து நடத்திய நிறுவனம்! கிண்டலுக்கு ஆளான தொழிலே கிண்டலை விற்றுக் காசு பார்த்தது. யூடியூபில் பார்வைகள் 10 கோடியைத் தாண்டின. அந்தக் கோடையில் கிளப் கிளப்பாக, கேலிக்கு உள்ளான கூட்டமே அதற்கு ஆடியது.

[திரையில்: 2003]

இது முதல் தடவையும் அல்ல. மொல்ஃபெத்தா ஊர்க்காரரான கபாரெட்ஸா 2003-இல் 'ஃபுவோரி தால் துன்னெல்' என்று ஒரு ராப் பாடினார். ஊரே போகிறது என்பதற்காக டிஸ்கோவுக்குப் போய், கட்டாயத்துக்குக் குஷியாக இருக்கும் கூட்டத்தைப் பற்றிய நக்கல் அது. டிஸ்கோக்காரர்கள் என்ன செய்தார்கள்? அதையே போட்டு ஆடவிட்டார்கள். வரிகளை யார் கவனித்தார்கள்!

கடைசியாக ஒன்று. ரொவாட்ஸி இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஃபெருச்சோ லம்போர்கினி கார் கம்பெனி தொடங்கியது 1963-இல். அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவர் செய்து விற்றது டிராக்டர்.

[திரையில்: லம்போர்கினி முத்திரை போட்ட பழைய டிராக்டர், மெதுவாக நகர்கிறது]