மலைவேம்புப் பலகைக்கு போரானா, சூடா?

[காட்சி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மலைவேம்புத் தோப்பு. அறுத்த அடிமரத்தின் வெட்டுமுகம், கிட்டத்தில்.]

இந்த மரத்துக்கு வயசு ஏழு. நடுவுல கொஞ்சம்தான் வைரம், மீதியெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையில இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் உளு வண்டு வருது. இன்னொரு சிக்கலும் இருக்கு. இளமரத்துல நாரோட சுவருக்குள்ள நுண்ணிழைகள் சாய்வா படிஞ்சிருக்கும். அதனால காயும்போது குறுக்கே மட்டுமில்லாம நீளவாக்குலயும் சுருங்கி, பலகை முறுக்கிக்கும்.

பூச்சிக்கு போரான், அதாவது வெண்காரத்துலயும் போரிக் அமிலத்துலயும் இருக்கிற சத்து. முறுக்கலுக்குச் சூடு, அதாவது மூடின அறையில வெச்சு பலகையைச் சூடேத்துறது. போரானுக்கு ஈரமரம் வேணும், சூட்டுக்குக் காய்ஞ்ச மரம் வேணும். இதை மாத்திச் செஞ்சா ரெண்டுமே வீண்.

[காட்சி: தொட்டி, தராசு.]

பலகையை அறுத்ததும் தாமதிக்காம தொட்டிக்குக் கொண்டு வாங்க. 90 லிட்டர் சுடுதண்ணிக்கு வெண்காரம் 6 கிலோ, போரிக் அமிலம் 4 கிலோ. சாதாரணத் தண்ணியில தனித்தனியா போட்டா ரெண்டுமே கொஞ்சம்தான் கரையும். சேர்த்தாத்தான் இந்த அளவுக்குக் கரையும். பலகை மிதக்காம மேலே கல் வெச்சு ஒரு நாள் முழுக்க ஊற விடுங்க.

எடுத்ததும் காய வைக்கக் கூடாது. தர்மபுரி வெயில்ல பெரும்பாலும் தப்பு நடக்கிறது இங்கதான். இடையில ரீப்பர் குச்சி வைக்காம பலகை மேல பலகையா நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால காத்துப் புகாம மூடுங்க. ஓரங்குலப் பலகைக்கு ஒரு மாசம். போரான் உப்பு உள்ளே நகர்றது மரத்தோட ஈரம் வழியாத்தான். ஈரம் போயிட்டா உப்பு மேலேயே வெள்ளையா பூத்து நின்னுடும். மூடி வெச்சதுல கரும்பூசணம் வந்தா பயப்பட வேண்டாம், இழைச்சா போயிடும்.

[காட்சி: குறுக்கே வெட்டிய பலகை, அதன்மேல் தூரிகை.]

போரான் உள்ளே போச்சான்னு மஞ்சளே சொல்லிடும். 10 கிராம் மஞ்சள்தூளை 90 கிராம் எத்தில் ஆல்கஹால்ல ஊற வெச்சு வடிகட்டித் தடவுங்க. காய்ஞ்சதும், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லியை ஆல்கஹால் சேர்த்து 100 மில்லியாக்கி, அதுல சாலிசிலிக் அமிலம் கரையிற அளவுக்குக் கரைச்சுத் தடவுங்க. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிவந்த இடத்துல போரான் இருக்கு. மஞ்சளாவே நின்ன இடத்துல இல்லை. ஓரம் மட்டும் சிவந்து நடு மஞ்சளா இருந்தா, அடுக்கை இன்னும் ரெண்டு வாரம் மூடி வைங்க.

மிச்சக் கரைசலை அடுத்த தடவைக்குச் சேர்த்து வைங்க. மாமரத்தடியிலயோ வாய்க்கால்லயோ ஊத்தவே கூடாது. போரான் மிஞ்சினா இலை ஓரம் கருகும். மழையிலயும் இந்த உப்பு கரைஞ்சு வெளியேறிடும். அதனால கட்டில், அலமாரி, உள்கதவுக்குச் சரி. வேலிக்கால் நட ஆகாது.

[காட்சி: மூடிய இரும்பு அறை, நீராவிக் குழாய்.]

சூட்டுக்கு வருவோம். முதல்ல பலகையை ஈரம் 10, 12 சதவீதம் வர்ற வரைக்கும் காய வைங்க. அறைக்குள்ள நீராவி செலுத்தி ஆக்சிஜனை வெளியேத்தணும், இல்லேன்னா மரம் தீப்பிடிக்கலாம். 100 டிகிரியிலிருந்து 130 வரைக்கும் மெதுவா ஏத்துங்க. மிச்ச ஈரம் முழுக்கப் போகணும், அவசரப்பட்டா உள்ளே வெடிப்பு விழும். அப்புறம் 185 முதல் 200 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம். ஆறும்போது தண்ணி தெளிச்சு, ஈரத்தை 4 முதல் 7 சதவீதத்துக்குக் கொண்டு வாங்க.

இதுல எந்த ரசாயனமும் சேர்க்கிறதில்லை. மரத்துல தண்ணியை இழுக்கிற ஹெமிசெல்லுலோஸ்தான் சிதையுது. அதனால மழைக்காலத்துல கதவு உப்புறது நல்லாவே குறையும். ஆனா மரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துடும், பாரம் தாங்கும் உத்தரத்துக்குப் போடாதீங்க. கரையானையும் இது தடுக்காது.

ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் பேலட், அதாவது சரக்கு அடுக்குற மரத்தட்டு செய்யிறவங்க கவனிக்க: பேலட்ல குத்துற ஹெச்.டி. (HT) முத்திரை இந்தச் சூட்டுக்கானது இல்லை. அது மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரியில 30 நிமிஷம் இருந்ததுக்கான அடையாளம். பூச்சி சாகும், ஆனா மரத்தோட குணம் மாறாது.

சூடேத்தின பலகையைப் பொருத்தும்போது முதல்ல துளை போட்டுட்டு திருகாணி முடுக்குங்க, நேரா ஆணி அடிச்சா பிளக்கும். சூடேத்தின மரத்துல அமிலம் இருக்கிறதால சாதாரண இரும்பு துருப்பிடிக்கும், அதனால எவர்சில்வர் திருகாணி வாங்குங்க. வெள்ளைப் பசையை இந்த மரம் மெதுவாத்தான் உறிஞ்சும், கிளாம்ப்பை வழக்கத்தை விட அதிக நேரம் கழட்டாம விடுங்க.