சொல்லின் தலையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ஒன்றுபோலவே காதில் விழுந்து நம்மைக் குழப்புகிற சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவற்றை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்து போகும். எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

தமிழர்களாகிய நாம் சொல்லின் வாலைக் கேட்டுப் பழகியவர்கள். வந்தான், வந்தாள், வந்தது. வந்தது யார் என்பது கடைசியில்தான் தெரியும். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பல சொற்களில் உடம்பும் வாலும் ஒன்றாகவே இருக்கும், தலைதான் மாறும். நாம் வாலுக்குக் காத்திருப்போம். தலை அதற்குள் கடந்து போயிருக்கும். ஆகவே தலையைப் பாருங்கள்.

ப்ரிஸ்க்ரைப், ப்ரோஸ்க்ரைப். இரண்டுக்கும் உடம்பு 'ஸ்க்ரீபெரே', அதாவது எழுதுவது. 'ப்ரே' என்ற தலைக்கு முன்கூட்டி என்று பொருள். டாக்டர் முன்கூட்டி எழுதித் தருகிறார், அதைக் காட்டி மருந்து வாங்குகிறோம். 'ப்ரோ' என்றால் முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி. ஊரறிய எழுதி வைப்பது. அதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள்.

கி.மு. 82. உள்நாட்டுப் போரில் ஜெயித்த சுல்லா என்ற தளபதி, தன் எதிரிகளின் பெயர்களை ரோம் நகரின் பொது இடமான ஃபோரத்தில் எழுதி வைத்தார். முதலில் 80 பெயர். அடுத்து 220. அதற்கடுத்து மறுபடியும் 220. பெயர் வந்துவிட்டால் அந்த ஆளை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்றவருக்கு இரண்டு தாலந்து பரிசு, அந்தக் காலத்தில் அது பெரிய பணம். அடிமை எஜமானைக் கொன்றாலும் சரி, மகன் அப்பாவைக் கொன்றாலும் சரி. செத்தவரின் சொத்து பறிமுதல். சொத்துக்காகவே பலர் பெயர் ஏறியது.

குவின்டஸ் அவ்ரேலியஸ் என்று ஒருவர். அரசியல் பக்கமே தலைகாட்டாத சாது. துக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வதோடு சரி. யார் யார் பெயர் வந்திருக்கிறது என்று பார்க்கப் போனார். அவர் பெயரே இருந்தது. "ஐயோ, ஆல்பாவில் இருக்கிற என் பண்ணை என்னைத் துரத்துகிறதே" என்றார். கொஞ்ச தூரம் நடந்திருப்பார், பின்தொடர்ந்து வந்த ஒருவன் கதையை முடித்துவிட்டான். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார்.

பத்திரிகையில் 'தடை செய்யப்பட்ட இயக்கம்' என்று படிக்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ப்ரோஸ்க்ரைப் என்ற இந்தச் சொல்தான். டாக்டர் மாத்திரையை ப்ரோஸ்க்ரைப் செய்தார் என்று எழுதினால், அதைத் தொடாதே என்று சொன்னார் என்றுதான் பொருள். தலை மாறினால் எல்லாம் மாறும்.

துரத்துவது என்றேன். புளூட்டார்க் எழுதியது கிரேக்கத்தில். அங்கே துரத்துவதற்கும் வழக்குத் தொடுப்பதற்கும் ஒரே சொல். லத்தீனிலும் பின்தொடர்வதற்கான 'ஸெக்வீ' என்ற சொல்லிலிருந்துதான் நம் கோர்ட்டுகளில் பி.பி. என்று அழைக்கப்படுகிற அரசு வக்கீல், பப்ளிக் ப்ராஸிக்யூட்டர், வருகிறார். இங்கேயும் தலை 'ப்ரோ': வழக்கை முன்னே நடத்திக்கொண்டு போகிறவர். 'பெர்' என்ற தலை வந்தால் விடாமல், கடைசிவரை என்று பொருள். மதத்தின் பேரால் ஒருவரை விடாமல் வதைத்தால் அது பெர்ஸெக்யூஷன். வக்கீலைப் பற்றி எழுதும்போது இதில் கவனம் தேவை!

அப்புறம் எமிக்ரேஷன், இமிக்ரேஷன். உடம்பு, குடிபெயர்வது. 'எ' வெளியே, 'இம்' உள்ளே. சிலருடைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் வரும் ஈ, எமிக்ரேஷன். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் வருடத்துச் சட்டம். ஆனால் விமான நிலையத்தில் வெளியே போகிறவருக்கும் இமிக்ரேஷன் என்றுதான் போர்டு. நாம் குழம்பாமல் என்ன செய்வோம்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுல்லாவிடம் அதிக நேரம் இருந்துவிட்டேன். சீக்கிரமாகச் சொல்கிறேன். அக்ஸெப்ட், நம் பக்கம் எடுத்துக்கொள்வது. எக்ஸெப்ட், வெளியே எடுத்து வைப்பது, 'ஞாயிறு நீங்கலாக' என்கிறோமே, அது. நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரி, காகிதம் பேனாவும் ஸ்டேஷனரி. இந்த ஜோடி மட்டும் என் பேச்சைக் கேட்காது. அதில் தலை ஒன்று, வாலில்தான் ஓரெழுத்து வேறு. ஊர் ஊராக அலையாமல் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ஸ்டேஷனர். நிற்பதற்கு ஏ, காகிதக் கடைக்கு ஈ. லண்டனில் அவர்கள் சங்கத்துக்கு 1557இல் அரச சாசனமே கிடைத்தது. அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.