எந்த ஜன்னலில் தெரியும்?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். 'ஒரே விஷயத்துக்கென்று தனி டிவி சேனல் தேவையா?' தேவை என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவின் 'தி வெதர் சேனலை'ப் பிடித்துக்கொண்டார். "ஜன்னலைத் திறந்தால் மழை தெரிகிறது, அதற்கு 24 மணி நேரச் சேனலா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, 1982 மே 2-ஆம் தேதி அது தொடங்கியபோதும் இப்படித்தான் சிரித்தார்கள்.

டிவியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்த ஜான் கோல்மனின் யோசனை அது. பணம் போட்டவர் பத்திரிகை அதிபர் ஃபிராங்க் பேட்டன். விளம்பரத்தை நம்பி, கேபிள்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். விளம்பரம் போதவில்லை. பல லட்சம் டாலர் நஷ்டம். 1983-இல் கோல்மன் வெளியேறினார். இழுத்து மூட வேண்டிய நிலை.

அப்போது காப்பாற்ற வந்தது யார் தெரியுமா? கேபிள்காரர்! மாதம் பிறந்தால் நம் வீட்டு வாசலில் காசுக்கு நிற்பாரே, அந்தத் தொழில்காரர். "மூடாதீர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் இத்தனை சென்ட் என்று நாங்கள் தருகிறோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். மறுபடி சொல்கிறேன்: இலவசமாக வந்த சரக்குக்கு, கேபிள்காரர் தாமாகப் பணம் கொடுத்தார்! சும்மா கொடுப்பாரா? அவருடைய கண்ட்ரோல் ரூமில் ஒரு பெட்டி இருந்தது. செயற்கைக்கோளில் நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சிதான் வரும். அந்தப் பெட்டி மட்டும் அவரவர் ஊர் நிலவரத்தைத் திரையில் எழுதிக் காட்டும். அந்த ஊர்க்காரனுக்கு வேறெந்த சேனலில் அது எந்நேரமும் கிடைக்கும்?

ஜன்னலில் என் தெரு மழை தெரியும், ஐயா. நாளைக்கு வரப்போகும் புயல் எந்த ஜன்னலில் தெரியும்?

2012 அக்டோபர் கடைசி. நியூ ஜெர்சியை சாண்டி புயல் நெருங்குகிறது. அங்கே எடிசனில் என் அக்கா, கைக்குழந்தையோடு. சீர்காழியில் எங்கள் அம்மா. இங்கேயும் நீலம் புயல் வருகிறது, அம்மாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. அக்கா போனை டிவி பக்கத்தில் வைத்துவிட்டாள். வெதர் சேனல்காரர் பேசுவது கேட்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. விடிய விடியக் கேட்டார். "அந்த மனுஷன் குரல் வருதுன்னா அங்க கரண்ட் இருக்கு, புள்ளைங்க நல்லா இருக்கு" என்றார்.

விடிந்த நேரத்தில் குரல் நின்றது.

இரண்டு நாள் அம்மா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. "அம்மா" என்றாள் அக்கா. அம்மா நலம்கூட விசாரிக்கவில்லை.

"அந்த மனுஷன் பேசுறாராடி?" என்றுதான் கேட்டார்.